கெப் வாகனத்தை இரண்டு அங்குலம் உயர்த்துவது

சென்ற மாதம் சம்மாந்துறையில் இருந்து ஒரு நெல் வியாபாரி தொலைபேசியில் கதைத்தார். "காக்கா, எனது டபள் கெப்பை உயர்த்தப் போகிறேன். நீங்கள் ஏற்கனவே செய்தவர். எந்த செட் நல்லது? நாலு அங்குலம் போடலாமா?" என்று கேட்டார். இதே கேள்வியை அக்கரைப்பற்றிலும் பொத்துவிலிலும் பல வியாபாரிகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு கையில் இருக்கும் பழைய கெப்பை வைத்தே தொழில் செய்யப் பழகிவிட்டோம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் வழி திறந்தது என்றாலும், வரியோடு சேர்த்துச் சொல்லும் விலையைக் கேட்டால் பழையதைத் திருத்தி ஓடுவதே மேல் என்று தோன்றுகிறது. எனவே இம்முறை இந்தப் பகுதியை இதற்கே ஒதுக்குகிறேன். நான் மெக்கானிக் அல்ல. ஒரே வேலைக்கு இரண்டு தடவை காசு கொடுத்தவன் என்ற தகுதியில்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2008ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் விகோ. வட்டைகளுக்குள் போய் நெல் பார்த்து, மாதிரி எடுத்து, விலை பேசி, சில வேளை பத்துப் பன்னிரண்டு மூட்டையை அப்படியே ஏற்றி வருவது எங்கள் வழக்கம். பெரும்போகத்தில் கார்த்திகை, மார்கழி மழைக்குப் பிறகு வாய்க்கால் ஓரத்துக் கிரவல் பாதைகளை டிரக்டர்கள் உழுது வைத்துவிடும். ஒரு போகத்தில் மட்டும் ஏழு தடவை டிரக்டர் கட்டி இழுத்து எடுத்தோம். ஒரு தடவைக்கு ஐயாயிரம் ரூபா. ஏழு தடவைக்கும் முப்பத்தையாயிரம். இதை மட்டும் பார்த்தால் மூன்றரை இலட்சம் செலவழித்து வாகனத்தை உயர்த்துவதில் எந்த நியாயமும் இல்லை. ஆனால் நான் சேற்றில் நின்ற இரண்டு நாட்களில் வேறு வியாபாரிகள் போய் வயலிலேயே விலை பேசி முடித்துவிட்டார்கள். அந்த இழப்பையும் கொப்பியில் எழுதிப் பார்த்த பிறகுதான் இந்த வேலைக்கு இறங்கினேன். உங்கள் வாகனம் வருடம் முழுவதும் தார் வீதியில் கடைக்கும் களஞ்சியத்துக்கும் இடையில் ஓடுவதாக இருந்தால் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு அந்தக் காசைச் சரக்கில் போடுங்கள். உயரம் கூடினால் பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்பது உண்மை. அதற்கு மட்டும் மூன்றரை இலட்சம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் செய்ய வேண்டியது, வாகனத்தின் அடியில் எது தரையில் முட்டுகிறது என்று பார்ப்பதுதான். ஒரு மழை நாள் முடிந்து வந்ததும் கழுவாமல் அடியில் படுத்துப் பாருங்கள். சேறு எங்கே வழித்துத் தேய்ந்திருக்கிறது, எங்கே பெயின்ட் கீறுப்பட்டிருக்கிறது என்று தெரியும். எனது வாகனத்தில் முன்பக்க இரும்புத் தகடு, பக்கத்துப் படி, பின் பம்பரின் கீழ் ஓரம் மூன்றும் முட்டியிருந்தன. நாலாவதாகப் பின் எக்சலின் நடுவில் இருக்கும் டிபரன்சல் குடமும் தேய்ந்திருந்தது.

இந்த நாலாவதைத்தான் பலர் விளங்கிக்கொள்வதில்லை. ஸ்பிரிங்கை உயர்த்தும்போது உயர்வது செசியும் அதற்கு மேல் உள்ள பொடியும் எரிபொருள் தாங்கியும் படியும்தான். பின் எக்சல் ஒரே குழாயாக இரண்டு டயர்களுக்கும் நடுவில் கிடக்கிறது. டயரின் நடுப்புள்ளி எந்த உயரமோ அந்த உயரத்தில்தான் அது நிற்கும். நீங்கள் ஸ்பிரிங்கில் ஆறு அங்குலம் உயர்த்தினாலும் டிபரன்சல் குடம் ஒரு நூலும் உயராது. அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வேண்டும். அதிலும் டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் குடம் உயர்வது ஓரங்குலம் மட்டுமே. டிரக்டர் சக்கரத் தடத்துக்கு நடுவில் நிற்கும் மண்மேட்டில் உங்கள் வாகனம் எப்போதும் அமர்ந்துகொள்கிறது என்றால், ஸ்பிரிங் செட் விற்பவர் என்ன சொன்னாலும் உங்கள் நோய்க்கு அது மருந்தல்ல.

அடுத்தது, வாகனம் உண்மையில் தாழ்வானதா, அல்லது தாழ்ந்துபோனதா என்று பார்ப்பது. சமதரையில் நிறுத்தி, சில்லின் நடுவில் இருந்து மேலே மட்கார்ட் விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதுங்கள். வெறும் வாகனத்தில் ஒரு தடவை, வழக்கமான பாரத்தோடு ஒரு தடவை. தரையில் இருந்து அளந்தால் டயரின் காற்று கணக்கைக் கெடுத்துவிடும். இடமும் வலமும் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஏதோ ஒரு ஸ்பிரிங் தட்டு உடைந்தோ களைத்தோ இருக்கிறது. பதினைந்து வருடம் நெல் சுமந்த ஸ்பிரிங் ஓரங்குலம், ஒன்றரை அங்குலம் இறங்கியிருப்பது புதினமல்ல. புதிய ஸ்பிரிங் போட்டாலே அந்த உயரம் திரும்பிவிடும்.

இவை ஒன்றையும் அறியாமல்தான் 2023 பெரும்போகத்துக்கு முன் நான் முதல் தடவை வேலை செய்வித்தேன். கராஜ் பாஸ் மலிவான வழி ஒன்றைச் சொன்னார். பின்னால் எக்சலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் இரண்டு அங்குல இரும்புக் கட்டை, முன்னால் கொயில் ஸ்பிரிங்கோடு கூடிய ஷொக்கின் தலையில் ஒரு ஸ்பேசர். ஸ்பேசர் நாற்பது மில்லிமீற்றர் தடிப்பில் இருந்தது. இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவுதானே என்று அவரும் சொன்னார், நானும் தலையாட்டினேன். வாகனம் கீழே இறங்கியபோது முன்பக்கம் மூன்று அங்குலம் எழுந்து, குதிரை முன்னங்காலைத் தூக்கியது போல் நின்றது.

காரணம் எளிது. முன்பக்கத்தில் கொயில் ஸ்பிரிங் சில்லில் உட்கார்ந்திருப்பதில்லை. கீழ்க் கையின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. கதவை அதன் நடுவில் பிடித்து ஓரங்குலம் தள்ளினால் ஓரத்தில் இரண்டு அங்குலம் நகர்வது போல, ஸ்பேசரின் தடிப்பு சில்லில் ஏறக்குறைய இரட்டிப்பாக வெளிப்படும். இரண்டு அங்குல உயர்வுக்கு விகோ போன்ற வாகனத்தில் இருபத்தைந்து முப்பது மில்லிமீற்றர் போதும். பின்பக்கக் கட்டைக்கு இந்தக் கணக்கு இல்லை. அங்கே இரண்டு என்றால் இரண்டுதான்.

அந்த மூன்று அங்குலம் என்ன செய்தது? முன் சில்லுகளுக்குச் சக்தி கொண்டுபோகும் சி.வி. ஜொயின்ட்டுகள் எந்நேரமும் சரிவாகவே சுழன்றன. நாலாவது மாதம் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்தது. வீல் எலைன்மென்ட் போடும் இடத்தில் எவ்வளவு திருகியும் அளவு சரிக்கு வரவில்லை. நேர் வீதியில் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராமல் அலைந்தது. முன் டயர்கள் ஒரு ஓரமாகத் தேய்ந்தன. இவையெல்லாம் காசு நட்டம், தாங்கிக்கொள்ளலாம். அடுத்து நடந்ததுதான் என்னை உட்கார வைத்தது.

கண்டிக்குப் போய் அரிசி ஆலைக்கு ஒரு மோட்டாரும் கடைக்குத் தேயிலை மூட்டைகளும் ஏற்றிக்கொண்டு மகியங்கனை வழியாக வந்தோம். எல்லாம் சேர்த்து எழுநூறு கிலோ இருக்கும். மகன் ஓட்டினான். ஹுன்னஸ்கிரிய தாண்டி பதினெட்டு வளைவில் இறங்குகிறோம். பத்தாவது வளைவோ பதினோராவதோ, கருகிய வாடை வந்தது. "வாப்பா, பிரேக் மிதிக்க மிதிக்கக் கீழே போகுது" என்றான். அவன் குரலில் இருந்த நடுக்கம் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டாவது கியருக்கு மாற்றி, ஹேன்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்க ஓரத்தில் ஒருவாறு நிறுத்தினோம். எதிரில் பஸ் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. முன் சில்லுகளில் புகை. ஒரு மணித்தியாலம் ஆற விட்டு, முதல் கியரில் ஊர்ந்து ஹசலக வந்து சேர்ந்தோம்.

மகியங்கனையில் வயதான சிங்கள பாஸ் ஒருவர் பார்த்தார். முன் டிஸ்க் இரண்டும் நீலம் பாய்ந்து கிடந்தன. பின் பிரேக்கைத் திறந்தால் வேலை செய்யாத பிள்ளை போல் சுத்தமாக இருக்கிறது. அவர் வாகனத்துக்கு அடியில் புகுந்து, பின் எக்சலுக்கும் செசிக்கும் இடையில் இருந்த ஒரு மெல்லிய கம்பியைக் காட்டினார். அந்தக் கம்பி என்ன வேலை செய்கிறது என்பதை ஒவ்வொரு கெப் உரிமையாளரும் தெரிந்திருக்க வேண்டும்.

பாரம் ஏற்றும் வாகனத்தில் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்புவது என்பதை ஒரு வால்வு தீர்மானிக்கிறது. வெறும் வாகனத்தில் பின்பக்கம் இலேசாக இருக்கும். அப்போது முழு அழுத்தமும் போனால் பின் சில்லுகள் இறுகிச் சறுக்கிவிடும். ஆகவே வால்வு குறைத்து அனுப்பும். பாரம் ஏற்றியதும் செசி தாழ்ந்து எக்சலை நெருங்கும். அந்த நெருக்கத்தைக் கம்பி வால்வுக்குச் சொல்லும். வால்வு கூட்டி அனுப்பும். நாங்கள் இரண்டு அங்குலக் கட்டை வைத்தபோது செசி எக்சலை விட்டு நிரந்தரமாக விலகிவிட்டது. எழுநூறு கிலோ ஏற்றிய பிறகும், இந்த வாகனம் வெறுமையாகத்தான் ஓடுகிறது என்றே கம்பி வால்வுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பின் பிரேக் சும்மா இருக்க, மலை இறக்கத்தின் முழுப் பாரத்தையும் முன் பிரேக் தனியே சுமந்து வெந்துபோனது. ஹேன்ட் பிரேக் இந்த வால்வைத் தொடாமல் தனி கேபிளில் பின் சில்லைப் பிடிப்பதால்தான் எங்களால் நிற்க முடிந்தது.

இதற்குரிய மருந்து உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு. கம்பியின் கீழ் முனையை எக்சலில் இருந்து உயர்த்திய அதே அளவுக்கு மேலே தூக்கிப் பூட்டும் ஒரு பிரெக்கட். ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்து வேலை. எனக்கு வேலை செய்த பாஸுக்கு அப்படி ஒரு கம்பி இருப்பதே நினைவில் வரவில்லை. சில புதிய வாகனங்களில் இந்த வேலையைக் கணினி பார்த்துக்கொள்கிறது, கம்பி இருக்காது. உங்கள் வாகனத்தில் இருக்கிறதா என்று இன்றே குனிந்து பாருங்கள். உயர்த்தாவிட்டாலும் பாருங்கள். துருப்பிடித்து இறுகிப்போன கம்பியை நான் இதற்குப் பிறகு இரண்டு நண்பர்களின் வாகனங்களில் கண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒழுங்காகச் செய்வோம் என்று முடிவெடுத்தேன். முன்னால் இரண்டு புதிய கொயில் ஸ்பிரிங், பின்னால் இரண்டு முழு ஸ்பிரிங் கட்டு, அந்த உயரத்துக்குப் பொருத்தமான நீளத்தில் நாலு ஷொக், புதிய புஷ், புதிய யூ போல்ட். மூன்றரை இலட்சம் என்று மேலே சொன்ன செலவு இதற்குத்தான். ஸ்பேசருக்கும் கட்டைக்கும் கொடுத்தது இதில் பத்தில் ஒன்றும் வராது. அதுதான் ஆட்களை அந்தப் பக்கம் இழுக்கிறது.

செட் வாங்கும்போது விற்பவர் உயரத்தைப் பற்றித்தான் பேசுவார். நீங்கள் பாரத்தைப் பற்றிப் பேசுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் பின் ஸ்பிரிங்கை, வாகனத்தில் எப்போதும் எவ்வளவு கிலோ இருக்கும் என்று கணக்கிட்டு இலேசு, நடுத்தரம், கனம் என்று பிரித்து விற்கிறார்கள். நாம் எல்லோரும் கனத்தையே கேட்போம். வியாபாரி அல்லவா, ஒரு நாளைக்குக் கூட ஏற்ற நேர்ந்தால் என்ன செய்வது என்று யோசிப்போம். ஆனால் கனமான ஸ்பிரிங் வெறும் வாகனத்தில் அசையாது. கிடங்கில் விழுந்தால் பின்பக்கம் துள்ளும், ஈரமான வளைவில் வழுக்கும், உள்ளே இருப்பவர் இடுப்பும் போகும். எனது கொப்பியைப் பார்த்தேன். மாதத்தில் இருபது நாள் முந்நூறு கிலோவுக்குள்தான் ஏற்றியிருக்கிறேன். நடுத்தரத்தை எடுத்தேன். இன்னொன்று, எந்த ஸ்பிரிங் போட்டாலும் வாகனம் ஏற்றக்கூடிய பாரம் கூடுவதில்லை. பதிவுப் புத்தகத்தில் உள்ள மொத்த நிறைதான் எல்லை. எக்சலும் பிரேக்கும் செசியும் பழையவைதானே.

பூட்டும்போது நான் பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். கொயில் ஸ்பிரிங்கை ஷொக்கில் மாற்றுவது சாதாரண வேலையல்ல. அமுக்கிய ஸ்பிரிங் வழுவினால் ஆளையே அடித்துவிடும். சரியான அமுக்கி இல்லாத இடத்தில் அந்த வேலையைக் கொடுக்கவே வேண்டாம். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போட விடாதீர்கள், ஒரு தடவை இறுகி நீண்டது மறுபடி பிடிக்காது. இன்னுமொரு விடயம், பல கராஜ்களில் தவறவிடுவது. ஸ்பிரிங் கண்ணிலும் கீழ்க் கையிலும் ரப்பர் புஷ் இருக்கிறது. வாகனத்தை ஜெக்கில் தொங்க விட்டபடியே அந்த போல்ட்டுகளை இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்குண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும். போல்ட்டைத் தளர்வாகப் போட்டு, வாகனத்தைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு, அதன் பிறகே இறுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பிரேக் ஹோஸ்களைப் பார்க்க வேண்டும். சில்லை முழுதாகத் தொங்க விட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பும்போது ஹோஸ் இறுகக் கூடாது. வால்வுக் கம்பிக்கு பிரெக்கட் போட வேண்டும். அன்றைக்கே வீல் எலைன்மென்ட். ஹெட்லைட்டையும் தாழ்த்த வேண்டும். எதிரில் முச்சக்கர வண்டியில் வருபவரின் கண்ணில் நமது வெளிச்சம் போய் விழுந்தால் அவர் நம் மேலேயே வந்து மோதுவார். ஐந்நூறு கிலோமீற்றர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மீண்டும் இறுக்குவித்தேன். யூ போல்ட் நட்டு ஒவ்வொன்றும் கால் சுற்று வாங்கியது. ஆயிரத்தில் இன்னொரு தடவை. வாகனம் இழுத்துப் புறப்படும்போது அடியில் ஒரு அதிர்வு வந்தது. பின் புரொபெல்லர் தண்டு இரண்டு துண்டாக இருப்பதால் நடுவில் உள்ள பெயரிங்கின் கோணம் மாறியிருந்தது. அதன் தாங்கியைச் சிறிய வொஷர் வைத்து இறக்கியதும் அதிர்வு போய்விட்டது.

டயர் மாற்றுவதாக இருந்தால், 29 அங்குல டயருக்குப் பதிலாக 31 போட்டவரின் மீற்றர் 60 காட்டும்போது வாகனம் 64இல் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். இழுவையும் குறையும்.

நாலு அங்குலம் கேட்ட சகோதரருக்கு நான் சொன்ன பதில் இரண்டுதான். அதற்கு மேல் போனால் மேல் கைகளை மாற்ற வேண்டும், முன் டிபரன்சலை இறக்க வேண்டும், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வரும். மூட்டையை அடுக்கிய வாகனம் ஏற்கனவே தலைப்பாரம் கொண்டது. வாய்க்கால் கட்டில் ஒரு பக்கச் சில்லு இறங்கினால் அந்த நாலு அங்குலம் வாகனத்தைப் புரட்டப் போதும். லீசிங்கிலோ இஜாராவிலோ எடுத்த வாகனம் என்றால் கைவைக்கு முன் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், வாகனம் இன்னும் அவர்கள் பெயரில்தான். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்து, பதிலை ஃபைலில் போட்டு வையுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் விசாரித்துக்கொள்வது நல்லது.

சம்மாந்துறைச் சகோதரர் இரண்டு வாரத்தின் பின் வாகனத்தோடு கடைக்கே வந்தார். பழைய மிட்சுபிஷி எல் 200. அதில் முன்னால் கொயில் இல்லை, முறுக்குக் கம்பிதான். ஒரு போல்ட்டைத் திருகினால் முன்பக்கம் எழும்பிவிடும், செலவே இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எழும்புவது உண்மைதான். ஆனால் சில்லு கீழே தொங்க இருக்கும் இடத்தைத் தின்றுதான் அது எழும்புகிறது. அதிகம் திருகினால் ஒவ்வொரு கிடங்கிலும் மேல் கை அதன் தடுப்பில் போய் இடிக்கும். ஓரங்குலத்தோடு நிறுத்துங்கள் என்றேன்.

பிறகு இருவரும் டேப்பை எடுத்து அளந்தோம். பின்பக்கம் இடது சில்லு வலதை விட ஒன்றேகால் அங்குலம் தாழ்வு. அடியில் பார்த்தால் இரண்டாவது தட்டு நடுவில் உடைந்து, மூன்றாவதில் வெடிப்பு. இரண்டு பக்கமும் புதிய கட்டுப் போட்டார். பின்பக்கம் இடதில் இரண்டு அங்குலமும் வலதில் முக்கால் அங்குலமும் எழுந்தது. நாலு அங்குலக் கதையை அவர் பிறகு எடுக்கவில்லை. நாலு டயரின் விலையை மட்டும் கேட்டு வைத்திருக்கிறார்.